மீட்டர் கணக்கு

மூடிப்போன பள்ளியின் சாப்பாட்டுக்கூடம்.
நகராட்சி எங்களுக்கு எழுதிக் கொடுத்தபோது
சுவரில் பென்சிலால் ஒரு வாய்ப்பாடு இருந்தது:
ஏழெட்டு ஐம்பத்துநான்கு.
வெள்ளையடிக்கச் சொன்னார் சுகாதார அதிகாரி.
அடித்தோம். காய்ந்ததும் மறுபடி தெரிந்தது.

மூன்று அடுப்பு, ஒரே ஒரு பெரிய கொப்பரை,
ராணுவ முகாம் ஏலத்தில் எடுத்த எஃகு மேசை.
பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு அலமாரி, ஆளுக்கொரு பூட்டு.
முட்டைக்கோஸ் ஊறப்போடுகிற நானே சாவிக்காரி,
கணக்கு நோட்டும் என்னிடம்தான்.
ஆகையால் யாருக்கும் என்னை அவ்வளவாகப் பிடிக்காது.

முதல் சண்டை வாசனையால் வந்தது.
ல்யூபிட்சாவின் பாலாடைக்கட்டி
ஃபிக்ரெத் சுட்ட மிளகாயின் புகையைக் குடித்துவிட்டது.
"இதற்குத்தான் துஸ்லா சந்தையில் கூடுதல் விலை" என்றான்.
"அப்படியானால் நீயே விற்றுக் கொடு" என்றாள்.
விற்றுக் கொடுத்தான்.
அதற்கப்புறமும் பேச்சில்லை.

செப்டம்பரில் குடைமிளகாய் சிவந்ததும்
எல்லாருக்கும் அதே வாரம், அதே கொப்பரை.
பொழுதை மணி மணியாய்க் கூறுபோட்டேன்,
இரவையும் விடாமல்.
மிர்சாதாவுக்கு விழுந்தது விடிகாலை மூன்று மணி.
தூங்குகிற மகனைச் சாக்குமூட்டைகளின் மேல் கிடத்திவிட்டு
குடுவைகளைக் கொதிநீரில் இறக்கினாள்.

அந்த மாதமே ஒரு குடுவையின் மூடி உப்பியது.
பெயர்ச்சீட்டு இல்லை. யாருடையது என்றேன்.
எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், தரை சுத்தமாகத்தான் இருந்தது.
புளிப்பை அளக்கும் கருவி ஒன்று வாங்கினோம்,
என் காசில்.
இன்னும் எண்பது மார்க் வரவேண்டும்.

அக்டோபரில் எரிவாயு மீட்டர் நோட்டை முந்தியது.
ஒன்பது அலகு. நவம்பரில் பதினொன்று.
ஒரு ராத்திரி உறக்கம் வராமல் நடந்து போனேன்.
புகைபோக்கி விசிறி சுற்றுகிற சத்தம்.
சன்னலுக்கு உள்ளே நெவெங்கா,
சந்தா கட்ட முடியாமல் ஆகஸ்டில் விலகிக்கொண்டவள்.
ஆப்பிள் சாற்றைப் பாகாக வற்றக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்,
மரத்துடுப்பை இரு கையாலும் பிடித்து.

சாவி ஏது, யார் கொடுத்தது,
கேட்டிருக்கலாம்.
பாகு அந்தப் பதத்துக்கு வந்தபின்
ஒரு நிமிஷம் கை நின்றாலும் அடிபிடித்துவிடும்.
அதனால்தான் கதவைத் தட்டவில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நாளைக்குக் கூட்டம்.
ஃபிக்ரெத் நிச்சயம் மீட்டரைப் பற்றிக் கேட்பான்.
நோட்டை விரித்து, பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
பத்துத் தடவை கூட்டியாயிற்று.
வெள்ளைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது
அந்தப் பிள்ளையின் கையெழுத்து:
ஏழெட்டு
ஐம்பத்துநான்கு.