பாதையில் வந்த சேவல்

பதினொரு முட்டை.
கடைமுட்டையின் இரட்டி விலை.
"சேவல் மிதிச்ச முட்டைகா, நம்பி வைங்க"
என்றார் மருதமுனை நிஃமத்து காக்கா.

உமி நிரப்பிய பெயின்ட் வாளிக்குள்
கூர்முனை கீழாக நட்டு
குருமண்வெளித் துறையில்
பாதை வரும்வரை மடியில் வைத்திருந்தேன்.
ஏறியதும் வாளியை நிலத்தில் வைக்கச் சொன்னார்
மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர்.
என்ஜின் அதிர்வு தகடு வழியே ஏறும் என்று
அவருக்கு விளங்கப்படுத்தவில்லை.
நின்றபடியே மண்டூர் வந்தேன்.

ஒரு நாள் அசையாமல் ஆறவிட்டு
மறுநாள் பொழுதுபட
கறுப்பிக்குக் கீழே ஒவ்வொன்றாய்த் தள்ளினேன்.
என் மணிக்கட்டைக் கொத்தினாள்.
அதே அலகால் முட்டையை இழுத்து
நெஞ்சுக்குள் செருகிக்கொண்டாள்.
இரண்டையும் ஒரே கோபத்தோடு.

ஏழாம் இரவு
மெயின் சுவிட்சை நானே அணைத்தேன்.
ஃபோன் டோர்ச்சின் மேல் முட்டையை ஏற்றினால்
சிவந்த சிலந்தி ஒன்று
கால் பரப்பி, நடுவில் ஒரு துடிப்பு.
இரண்டாவதும் அப்படி.
மூன்றாவது
வெறும் மஞ்சள் வெளிச்சம்,
ஒருவரும் குடிவராத வீட்டில்
விளக்கை எரியவிட்ட மாதிரி.

நாலு சிலந்தி. ஆறு வெறும் வீடு.
ஒன்றில் மட்டும் ஓர் இரத்த வளையம்:
வந்து, இருந்து பார்த்து,
போய்விட்டது.

"பாதை குலுக்கியிருக்கும்கா" என்றார் போனில்.
குலுக்கினா வளையம் வரும் காக்கா.
ஆறில ஒண்டுமே தொடங்கல்ல.
தொடங்காததை எப்பிடிக் குலுக்குற?
அந்தப்பக்கம் கொஞ்ச நேரம்
தறி மட்டும் கதைத்தது.

மறுகா சொன்னார்:
"பேடு பதினெட்டு. சேவல் ஒண்டு.
வாற நோன்போட அவனுக்கு ஆறு வயசு.
இளசு ஒண்டு இரிக்கி, அனுப்புறன்.
பத்து நாளைக்கு வெச்சிட்டுத் தாங்க.
முட்டைக் கதைய உட்ருங்க."

வியாழக்கிழமை வந்திறங்கினான்,
உரப்பையில் போட்ட ஓட்டையால்
தலையை மட்டும் நீட்டி
பாதைக்காரரை முறைத்தபடி.

கறுப்பி அடையில். மற்ற மூன்று பேடும்
அவனை ஆளாகவே எண்ணவில்லை.
ஒரு செட்டையை நிலத்தில் உரச
வட்டமிட்டு ஆடினான்.
கறையான் கண்டால் தான் விழுங்காமல்
கொக் கொக்கென்று அவர்களைக் கூப்பிட்டான்.
மூன்றாம் நாள் சாம்பல் குந்தினாள்.

பிறகு அவனுக்கு வேறு வேலையே இல்லை.
சாம்பலின் முதுகில் இறகு போய்த் தோல் தெரிந்தது.
மகனின் பழைய ஸ்கூல் களிசானை வெட்டி
ஒரு சேணம் தைத்துக் கட்டினேன்.
"கோழிக்கும் சட்டையாகா?"
வேலிக்கு மேலால் சிரித்தாள் கமலவேணி.

பத்தாம் நாள் அதே உரப்பையில்,
ஒரு சட்டி எருமைத் தயிரோடு
திருப்பி அனுப்பினேன்.
அன்றைக்குத்தான் கறுப்பிக்குக் கீழே சத்தம்.
மூன்று குஞ்சு, ஈரத்தோடு.
நாலாவது ஓட்டைக் கொத்தி
அலகு நுனி தெரிய அப்படியே நின்றது.
கை வைக்கக் கூடாது, தெரியும்.
விடியும்வரை பொறுத்துவிட்டுக் கை வைத்தேன்.
அது சரிவரவில்லை.

வளவில் இப்போது சேவல் சத்தம் இல்லை.
விடியலைப் பள்ளிவாசலும் கோயிலும்
தண்ணீருக்கு மேலால் சொல்லி அனுப்புகின்றன.
அவன் போய் ஒன்பதாம் நாள்
சாம்பல் இட்டதைப் பொரிக்கச் சட்டியில் உடைத்தேன்.
மஞ்சளின் மேல் வெள்ளைப் புள்ளி,
அதைச் சுற்றி வட்டம்,
கொம்பாஸ் வைத்துக் கீறின மாதிரி.

அடுப்பை நிற்பாட்டினேன்.
போய் இத்தனை நாளாகியும்
ஆள் இங்கேதான் இருக்கிறான்.

கூடையில் மிச்சம் பன்னிரண்டு.
ஒவ்வொன்றிலும் பென்சிலால் திகதி எழுதி
போன் எடுத்தேன்:
"காக்கா, அடைக்கு முட்டை வேணுமா?
கடைமுட்டையின்ட இரட்டி விலை.
சேவல் மிதிச்சது.
நம்பி வைங்க."