கவலை

ப்ர்னோ. டிராம் பணிமனைக்கு எதிரே நான்காம் மாடி.
ராத்திரி பதினொன்று, ஜனவரி.
ரத்மிலா பகலில் பல் மருத்துவர்களுக்கு
ரசீது மென்பொருள் எழுதுகிறாள். சம்பளம் அதற்கு.
இரவில் இது. இதற்குச் சம்பளம் இல்லை.

இதன் பெயர் ரோஸ்செஸ்தி,
செக் மொழியில் வழி பிரியும் இடம்.
(பழந்தமிழில் அதற்குக் கவலை என்று ஒரு சொல் உண்டு.
அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்பாள்.)

எந்த ரூட்டரும் உலகத்தைப் பார்த்ததில்லை.
பக்கத்து வீட்டுக்காரன் சொன்னது,
அவனுக்கு அவன் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னது,
அவ்வளவுதான் அதன் பூகோளம்.
பத்து லட்சம் வழிகள்,
பத்து லட்சமும் காதில் விழுந்தவை.
இடையிடையே ஒரு சொல் வரவேண்டும்: இருக்கிறேன்.
தொண்ணூறு நொடி அது வராவிட்டால்
ஊர் ஊராக இழவு சொல்லிவிடுவார்கள்:
அவன் வழி இனி இல்லை.

இன்றைய கடிதம் புந்தா அரேனாஸிலிருந்து.
காற்று மரங்களை ஒரே பக்கமாக வாரிவிட்ட ஊர்.
எழுதியவள் எர்மீனியா மன்சீயா,
நாற்பத்திரண்டு ஆட்டுப்பண்ணைகளுக்கும்
ஒரு பள்ளிக்கும் ஒரு செவிலியர் அறைக்கும்
இருக்கிற ஒரே நெட்வொர்க் ஆள்.

"அறுந்து அறுந்து வருகிறது.
காற்று என்றார்கள். கோபுரத்தில் ஏறினேன்.
நரி கேபிளைக் கடித்தது என்றார்கள்.
நரியைத் தவிர எல்லாரையும் விசாரித்தேன்.
பிறகு காலண்டரை எடுத்தேன்.
ரூட்டரை எழுப்பிய நேரத்திலிருந்து
நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி.
மூன்று தடவையும் அதே.
காற்றுக்கு எண்ணத் தெரியாதே."

ரத்மிலா கடைசி வரியில் நின்றுவிட்டாள்.
எண்ணத் தெரிந்தது எது என்று அவளுக்குத் தெரியும்.

மில்லிநொடிகளைப் போட்டுவைக்க ஒரு பெட்டி,
முப்பத்திரண்டு பிட் அகலம்.
நிரம்பினால் சத்தமில்லாமல் பூஜ்யத்துக்கு வரும்.
அந்தக் கணம்,
சற்றுமுன் பேசியவன்
ஐம்பது நாளாக வாய் திறக்காதவன் ஆகிவிடுகிறான்.
உயிரோடிருப்பவனுக்கு இழவு.

அந்த வரியின் ஓரத்தில் எழுதியவர் பெயர் இருக்கிறது.
அவளுடையது. ஏழு வருடத்துக்கு முந்தைய மார்ச்,
காலை நாலு பத்து.
வீடு மாறிய மார்ச் அது.
பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றுதான் மேசை.

ஒளிக்கவில்லை. திறந்தே கிடந்தது.
யாரும் எடுக்கலாம், யாரும் படிக்கலாம்.
எடுத்தவர்கள் எல்லாரும்
வேறு யாரோ படித்திருப்பார்கள் என்று நம்பினார்கள்.
அதுவும் காதில் விழுந்த வழிதான்.

முப்பத்திரண்டை அழித்து
அறுபத்துநாலு என்று எழுதினாள்.
மாறியவை இரண்டே இலக்கங்கள்.
இனி நிரம்ப ஐம்பத்தெட்டுக் கோடி வருடமாகும்;
அப்போது இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.
கீழே, கண்டுபிடித்தவர்: எர்மீனியா மன்சீயா.
அனுப்பினாள். காப்பிக் கோப்பையைக் கழுவினாள்.
மறுபடி வந்து அந்தப் பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்தாள்.

பதில் உடனே வந்தது.
தெற்கே இன்னும் வெளிச்சம், கம்பளி வெட்டுகிறார்களாம்.
"போட்டுவிட்டேன். சரியாகிவிட்டதா என்று தெரிய
பிப்ரவரி கடைசி ஆகும். அப்போது எழுதுகிறேன்."

ஜனவரி போயிற்று. ஒரு எழுத்தும் இல்லை.
பிப்ரவரியில் டிராம் கம்பிகளில் பனி உறைந்தது,
பல் மருத்துவர்கள் ரசீதில் தவறு என்று கத்தினார்கள்,
புந்தா அரேனாஸிலிருந்து ஒரு சொல் இல்லை.

ரத்மிலா யாருக்கும் இழவு சொல்லவில்லை.