நல்ல தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு

கானாங்கெளுத்தி பிடித்துத் திரும்பி
கில்லிபெக்ஸ் துறையில் படகைக் கட்டியதும்
வாய் கொப்பளிப்பேன்,
நல்ல தண்ணீரில், மூன்று முறை.
பிறகுதான் டெர்வ்லாவின் நெற்றியில் முத்தம்.
அப்போதும் கரிக்கும்.
கடல் என் உதட்டில் இல்லை, அவளிடம்.

டப்ளினில் மருத்துவர் நியூலா
உறையின் பின்பக்கம் வரைந்து காட்டினார்:
செல்லின் தோல் கொழுப்பு, இரண்டு அடுக்கு.
உப்பு தொட்டுப் பார்த்துத் திரும்பிவிடும்.
ஊடே ஒரு புரதம் குந்தியிருக்கிறது,
வாசல் அதுதான்.
நுரையீரலில் அதன் வழியே உப்பு வெளியேறும்,
தண்ணீர் பின்னாலேயே போகும்.
வியர்வைக் குழாயில் உப்பு உள்ளே திரும்பும்.

"பூட்டிக்கொண்டதா?" என்றேன்.
"இல்லை. வாசலே வந்து சேரவில்லை."

ஆயிரத்து நானூற்று எண்பது மணி கோத்த சரம்.
ஐநூற்றெட்டாவது மணி இல்லை.
அந்த ஒன்றால் மடிப்பு கோணுகிறது;
கோணியதைக் கண்டால் செல்லுக்குப் பொறுக்காது,
வழியிலேயே பிரித்துப் போட்டுவிடும்.
அரைகுறையாகவாவது திறந்திருக்குமே, விட்டிருக்கலாமே!
ஆனால் நானும் கிழிந்த வலையைக்
கடலுக்கு அனுப்புவதில்லை.
அதனால் திட்டவும் வாய் வரவில்லை.

விடுபட்ட மணியில் ஒரு பங்கு என்னுடையது,
ஒரு பங்கு ப்ரோனாவுடையது.
யாரும் கேட்டு வாங்கிய சீதனமில்லை.
பதினோரு வருடம், காலையும் மாலையும்
மகளின் முதுகைத் தட்டினோம்,
ஜாடியின் அடியில் உறைந்த தேனைத்
தட்டி இறக்குவதுபோல.

மாத்திரை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
உள்ளே மருந்து மூன்று:
இரண்டு மடிப்பை நிமிர்த்தும்,
மூன்றாவது கதவுக்கு முட்டுக் கொடுக்கும்.
கொழுப்போடு விழுங்கச் சொன்னார்கள்.
ப்ரோனா ரொட்டியில் வெண்ணெயை
விரல் தடிமனுக்குப் பூசினாள்.

அன்றிரவெல்லாம் இருமல்.
வருடக்கணக்காய் அடைத்துக் கிடந்தது வாளியில்.
பயந்துபோய் ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன்.
"வைப்பா," என்றாள் மூச்சிரைத்தபடி,
"தண்ணி வந்திருச்சு."

வியர்வைச் சோதனையில் நூற்றுநான்கு
நாற்பத்தொன்றானது.
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
எண்களை நம்பும் ஆளில்லை நான்.

நேற்று துறைமேடையில் நின்றிருந்தாள்,
கையில் வினிகர் சொட்டும் உருளைக்கிழங்குப் பொட்டலம்.
குழாயடியைத் தாண்டி
நேரே போய் முத்தமிட்டேன்.
கரித்தது.
என் உதடா, அவள் நெற்றியா, தெரியவில்லை.

"ஐயே, மீன் நாத்தம்!" என்று தள்ளிவிட்டுப்
படியேறி ஓடினாள்.
எண்ணிக்கொண்டு நின்றேன்.
நாற்பத்து மூன்று படி.
ஒரே ஒரு இருமல்,
அதுவும் சிரித்ததில் வந்தது.