கைக்காப்பு

மூன்று வந்திருந்தன, மூன்று அட்டைப்பெட்டியில்.
படிவத்தில் பொருளின் பெயர் எழுதும் இடத்தில்
கைக்காப்பு என்று எழுதினேன்.
ரைட்டர் ஞானதிரவியம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்:
"யாருக்கு வளையல், ஏட்டையா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை.
கொடைக்குக் கட்டினால் மஞ்சள் கயிறு.
பேப்பர்க்காரன் எழுதினால் விலங்கு;
அப்படிக் காப்பு மாட்டி வந்தவர்களைத்தான்
இந்த டெல்லி மதிலுக்குள் வைத்து
நாங்கள் இரவு பகலாய்க் காக்கிறோம்.
கார்பைனுக்குப் போட்டால்
குழலின் சூடு உள்ளங்கைக்கு வராமல் ஒரு சட்டை.
சட்டைமேல் தண்டவாளம்:
டார்ச்சோ முன்பிடியோ ஏறி உட்கார
பல் பல்லாய் வெட்டிய பாதை.

முதலாவதுக்கு நாலு பக்கமும் பல்.
தேங்காய்மூடி கிடைத்தால் துருவிவிடலாம்.
கமாண்டண்ட் தூக்கிப் பார்த்ததும்
"இதுதான்யா துப்பாக்கி மாதிரி இருக்கு" என்றார்.
இரண்டாவது ஒல்லி, அலுமினியம்.
மேலே மட்டும் பல். மற்ற பக்கங்களில் நீளநீளத் துளைகள்;
எங்கே வேண்டுமோ அங்கே
துண்டுத் தண்டவாளம் வைத்து முடுக்கிக்கொள்ளலாம்.
மூன்றாவது பிளாஸ்டிக், உள்ளே தகடு, பாதி விலை.
அதில் மாட்டிய டார்ச்
இருபதாவது குண்டுக்குத் தலையாட்டத் தொடங்கியது,
மீட்டிங்கில் தூங்குகிறவன் போல.
அதை அப்போதே பெட்டியில் போட்டேன்.

சுடுதளத்தில் மூன்று மேகசின், நிறுத்தாமல்.
முதலாவது வெதுவெதுப்பு.
இரண்டாவது தோசைக்கல்லின் ஓரம்.
ஒன்று தேறியது, இரண்டு தேறவில்லை என்று
பென்சிலில் குறித்துவிட்டுப் படுத்தேன்.
பென்சிலில்தான்.

பதினோரு வருடம் இங்கே ஆயுதம் துடைக்கிறேன்.
கோபுரத்திலிருந்து ஒரு தோட்டாவும்
வெளியே போய் நான் கணக்கு எழுதியதில்லை.
போகிறது வருகிறது எல்லாம்
பனி, புறா, டீ கேன்.
சுடுவதற்கு ஒரு நிமிடம் என்றால்
சுமப்பதற்கு இத்தனை வருடம்.
நான் எதைச் சோதித்தேன்?

மறுநாள் இரண்டையும் ராத்திரி டியூட்டிக்கு ஏற்றிவிட்டேன்.
டிசம்பர். எதிர்க்கோபுரம் தெரியாத மூட்டம்.

விடிந்து ஆறேகாலுக்குப் பேச்சிமுத்து இறங்கி வந்தான்.
பட்டாலியனில் அவனுக்குப் பெயர் பீச்சாங்கை.
எல்லோருக்கும் முன்னால் போய்த் தாங்குவது இடதுகை;
அவனுக்கு வலது.
"எனக்கு எப்பவும் சோத்துக்கைதான் மாட்டும், ஏட்டையா."
விரித்துக் காட்டினான்.
உள்ளங்கை நெடுக வரிசையாய்ப் பல்தடம்,
முதலாவது போட்ட முத்திரை.
மெஸ்ஸில் சாம்பார் பட்டு எரிந்ததாம்.
இட்லிக்கு ஸ்பூன் கேட்டிருக்கிறான்;
அதற்கும் சிரித்திருக்கிறார்கள்.

இரண்டாவதை எடுத்து
டார்ச்சை வலப்பக்கம் மாற்றிக் கொடுத்தேன்.
இரண்டு திருகு, ஐந்து நிமிடம்.
(முதலாவதிலும் மாற்றலாம், பொய் சொல்லக்கூடாது.
ஆனால் அந்தப் பல்.)
கட்டைவிரலுக்கடியில் சுவிட்ச் வந்து நின்றது.
போட்டான், அணைத்தான், போட்டான்.
காலைப் பனியில் ஒரு வெள்ளைக் குழாய்
நீண்டது, இல்லாமல் போனது, நீண்டது.

"இது சுடும்டா, தெரியும்ல?" என்றேன்.
"சுட்டாத்தானே சுடும், ஏட்டையா."

அந்த வாக்கியத்தை
தேர்வுக்கான காரணம் என்ற கட்டத்தில் எழுத முடியாது.
கட்டமும் ஒரு வரிதான்.
எடை குறைவு, என்று எழுதினேன். பேனாவில்.
கமாண்டண்ட் முதலாவதை இன்னொருமுறை பார்த்தார்,
கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்புகிறவர் போல.
கையெழுத்துப் போட்டார்.

திருப்பி அனுப்புகிற பொருளைச்
சுத்தமாய் அனுப்ப வேண்டும்.
முதலாவதன் பல்லிடுக்கில் சிக்கியிருந்த கையுறை நூலை
குண்டூசியால் ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
பதினேழு துணுக்கு.
பதினாறு காக்கி.
ஒன்று நல்ல சிவப்பு.
எங்களில் யாருக்கும் சிவப்புக் கையுறை கிடையாது.
அதைத் தூக்கிப் போடாமல்
பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறேன்.