குத்தகைக் காலம்

எங்கள் வீட்டுக்கு இன்னும் எழுபத்தொரு ஆண்டு.
தம்பியின் காருக்கு நான்கு.
என் பழைய சான்றிதழுக்கு
மூன்று ஆண்டு கொடுத்திருந்தார்கள்.
காலாவதியாகி எட்டு ஆகிறது.
அட்டையை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை;
மின்கட்டண ரசீதுகளோடு ஒரே உறையில் கிடக்கிறது.

எதைப் படிப்பது?
குமுதவல்லி சொன்னாள்: கிளவுட் படி,
கம்பி இழுக்கிற வேலையெல்லாம் இனி யாருக்கு.
வேலை முகவர் சொன்னார்:
செக்யூரிட்டிதான் மேடம், ஆள் பற்றாக்குறை.
தம்பி ஒரு காணொளி அனுப்பினான்.
எல்லாச் சான்றிதழும் வீண் என்று
நாற்பது நிமிடம் பேசினார் ஒருவர்,
முடிவில் தன் வகுப்புக்குத் தள்ளுபடி அறிவித்தார்.

மூன்று பாடத்திட்டங்களையும் அச்செடுத்து
ரைஸ் குக்கருக்கு மேலே சுவரில் ஒட்டினேன்.
ஆவி பட்டு முதலில் கழன்று விழுந்தது கிளவுட்.
அதைச் சகுனம் என்று சொல்லமாட்டேன்.

உண்மைக் காரணம் வேறு.
யாரோ இணையம் இழுத்துவிட்டுப் போன மறுநாள்
மின்தூக்கி வாசலில் ஒரு சாண் கேபிள் கிடந்தது.
உறையை நகத்தால் கீறினேன்.
வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள்,
வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை,
வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.
நான் யோசிக்குமுன் விரல்கள் அடுக்கி முடித்திருந்தன.
மின்தூக்கி வந்தது, திறந்தது,
கொஞ்சம் காத்தது, மூடிக்கொண்டு போனது.
அன்றிரவே நெட்வொர்க் தேர்வுக்குப் பணம் கட்டினேன்.

செங்காங் நூலகம் திறந்த கால்மணி நேரத்தில்
இடமில்லை.
ஓ லெவல் பிள்ளைகள்.
மேசைக்கு மேசை டிஷ்யூ பாக்கெட்.
நானும் ஒன்று வைத்தேன்.
தண்ணீர் பிடித்துத் திரும்பும்வரை
அந்த நாற்காலி என் முகவரி.
டிஎச்சிபி எனக்கு அப்படித்தான் புரிந்தது:
வந்து கேட்பவருக்கு ஓர் எண்,
கொஞ்ச காலத்துக்கு.
பாதிக் காலம் கழிந்ததும்
மெல்லக் கேட்டுக்கொள்ள வேண்டும்,
இன்னும் இருக்கலாமா?
நான் கேட்கவேயில்லை.
பதினொரு ஆண்டு.
என் எண்ணை வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள்.
அதில் தவறில்லை. நெறிமுறையே அதுதான்.

எதிரே ஷாஃபிக் என்று பெயர்ப்பட்டை குத்திய பையன்.
அவன் மடிக்கணினியும் என்னுடையதும்
ஒரே மின்செருகியில் உயிர் பிழைத்தன.
இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று
நான் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்து
கால்குலேட்டரை என் பக்கம் நகர்த்தினான்.
தேர்வில் அனுமதியில்லை என்றேன்.
அப்போ கஷ்டம்தான் லா, ஆன்ட்டி.
ஆன்ட்டி.
பாடத்தில் படித்த ஏழு அடுக்குகளில்
இந்த அடுக்கு இல்லை.

சிவநேசனுக்கு இந்த மாதம் இரவுப் பணி,
சாங்கி சரக்கு முனையத்தில்.
காலணி மாட்டியபடி கேட்பார்:
போர்ட் இருபத்திரண்டு?
அரிசி களைந்துகொண்டே, எஸ்எஸ்எச்.
ஐம்பத்து மூன்று?
டிஎன்எஸ்.
நானூற்று நாற்பத்து மூன்று?
நம்ம பழைய பிளாக், என்றேன்.
எட்டாவது மாடி, என்றார் அவர்,
எதிர்வீட்டுப் பூனை,
மழை வந்தால் ஒழுகும் சன்னல்.
சரியான விடையைச் சொல்லாமலே
கதவு சாத்தப்பட்டது.
கழுநீரை ஊற்றும்போது
சும்மா சொல்லிக்கொண்டேன், எச்டிடிபிஎஸ்.

தேர்வு மையம் பன்னிரண்டாம் மாடியில்.
கைக்கடிகாரம், கைப்பேசி, கைக்குட்டை
எல்லாம் ஒரு சின்னப் பெட்டகத்தில்.
பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள்.
வளையலையும் கழற்றச் சொன்னார்கள்.
ஒன்று இறங்கவில்லை.
பத்தாண்டு அங்கேயே இருந்தது,
அதற்கும் ஒரு பிடிவாதம்.
கவுண்டர் பெண் சோப்பு நுரை கொண்டுவந்து
தன் கையாலேயே தேய்த்து உருவினாள்.
சாரி, என்றாள் மூன்று முறை.

பிறகு ஒரு கேமரா,
நான் நான்தானா என்று பார்த்தது.
முதல் கேள்வியே
நான் படிக்காமல் விட்ட பாடத்திலிருந்து.
திரையின் மூலையில் மணி ஓடத் தொடங்கியது:
தொண்ணூறு நிமிடம்.
மவுஸைப் பிடித்தேன்.
மணிக்கட்டு இன்னும் வழுக்கிக்கொண்டிருந்தது.