மூன்றாம் படி

நாலே கால் மணிக்குச் செய்தி வந்தது.
முதலில் மலையாளத்தில்,
ஏழு நிமிடம் கழித்துத் தமிழில்.
என் அடுக்களையில் கேரள டவர் எடுக்கும்,
வாசலில் தமிழ்நாட்டு டவர்.
அடுக்களையில் சிவப்பு எச்சரிக்கை.
வாசலில் மஞ்சள்.
அலை எந்த நிறத்தில் வரும் என்று கேட்டான் மகன்
பாயில் கிடந்தபடியே.

கள்ளக்கடல்.
காற்று இருக்காது, மழை இருக்காது,
வானம் கழுவிக் கவிழ்த்த தட்டுபோலக் கிடக்கும்.
தெற்கே, கப்பல் போகாத தூரத்தில்
மூன்று நாள் முன்பு அடித்த காற்றின் கடனை
நீரோடிக் கரையில் வந்து வசூலிக்கும்.
ஆழத்தில் கட்டிப் போட்ட மஞ்சள் மிதவை
அதை முன்னமே எண்ணி அனுப்பிவிடுகிறது:
ஒன்று புள்ளி ஆறு மீட்டர்,
அலைக்கு அலை பதினெட்டு நொடி.

மீட்டர் இங்கே துணிக்கடையில் மட்டும்தான் செல்லும்.
மாசம் நாலாயிரம், மார்ச்சோடு முடியும் திட்டம்,
என் வேலை அந்த எண்ணுக்கு
ஊருக்குள் ஓர் இடம் பார்த்துக் கொடுப்பது.
போனை வாயருகே வைத்துக்கொண்டேன்.

'மெற்றில்டா பேசுறேன்.
இண்ணைக்கு ராத்திரி பதினொண்ணரைக்கு மேல ஏற்றம்.
கர்மலி அக்கா வீட்டு மூணாம் படி வரை வரும்.
வள்ளத்தை ரோட்டுல ஏத்துங்க, எஞ்சினைக் கழற்றுங்க.
பொழியூர்க்காரங்களும் கேளுங்க,
நிறம் எதுவானாலும் படி இதுதான்.'

பகல் முழுக்க ஊர் நகர்ந்தது.
பாரிஷ் ஹாலில் பதினோரு பிரிட்ஜ்,
ஒரு தையல் மிஷின், ததேயுவின் ஆடுகள்.
வெறுங்கடலைக் காட்டிச் சிலர் சிரித்தார்கள்.
பன்னிரண்டு பத்துக்கு
சத்தமில்லாமல் உள்ளே வந்தது தண்ணீர்.
செருப்புகளை எடுத்தது, முதல் படி ஏறியது,
இரண்டாம் படியை நனைத்தது,
அங்கேயே நின்று யோசித்துத் திரும்பியது.

காலையில் என் வாசலில் கூட்டம்.
'மூணாம் படிண்ணு சொன்னியே,
ஒரு படிக்கு ஆட்டோக் கூலி எவ்வளவுண்ணு தெரியுமா?'
பதில் சொல்லாமல்
ஈரம் நின்ற இடத்தில் கரியால் கோடு போட்டு
போட்டோ எடுத்து அனுப்பினேன்.
திருவனந்தபுரத்து ஷிஜின் கேட்டான்:
சேச்சி, ஒரு படி எத்தனை இஞ்சு?

அதுவரை அளந்ததில்லை.
தையல் டேப்பை எடுத்துப் போனேன்.
ஏழு. ஏழு. மூன்றாவது ஒன்பதரை.
'அண்ணைக்குக் கொத்தனுக்குச் சம்பளநாள்' என்றாள் கர்மலி அக்கா,
'ரெண்டு கிளாசுக்குப் பெறகு கட்டினது.'
அந்த ரெண்டு கிளாசும் இப்போது
ஷிஜினின் கணக்கில் ஏறியிருக்கின்றன.

எடவப்பாதி பிறந்து ஒன்பதாம் நாள்
கடைசிப் படி என்று சொன்னேன்.
கடைசிப் படிக்கே வந்தது, இஞ்சு பிசகாமல்.
யாரும் உள்ளே இல்லை, எதுவும் போகவில்லை,
வீடு மட்டும் போனது.
கணக்கு சரியாக வந்த அன்று
என்னிடம் ஒருவரும் பேசவில்லை.
கர்மலி அக்கா சாவியை வைத்துக்கொண்டு
ரோட்டோரம் நின்றாள்,
பூட்டியிருந்த கதவு எங்கேயோ மிதக்க.

அவள் வீட்டுக்கு முன் ஐஸ் கம்பெனிச் சுவர்தான் எங்கள் அளவுகோல்.
அதற்கும் முன் வலைக்கூடத்தின் தூண்.
ஒவ்வோர் அளவுகோலையும் அளந்து முடித்ததும்
கடல் எடுத்துக்கொண்டது.

ஷிஜின் படிவம் அனுப்பியிருக்கிறான்.
புதிய அடையாள இடம்: நிரப்புக.
கரையிலிருந்து பார்த்தால் அடுத்த வாசல் யாருடையது என்று
அவனுக்குத் தெரியாது.

டேப்பின் ஒரு முனையை மகனிடம் கொடுத்தேன்.
'நாலு படிதானே அம்மா?'
இல்லை, மணலைத் தோண்டு,
அடியில் இன்னும் ஒண்ணு கிடக்கு.