பத்து மில்லிகிராம்

சீட்டில் எழுதியிருக்கிறது: பத்து மில்லிகிராம்.
சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில்
அந்த எடைக்கு வெள்ளி சிந்தினாலும்
மெழுகில் ஒற்றி எடுத்து டப்பியில் சேர்ப்போம்.
எடை எனக்குப் புதிதில்லை.
அனுவர்ஷினிக்குப் பன்னிரண்டு வயது.

சேலம் பெரியாஸ்பத்திரி, புதன்கிழமை ஓ.பி.
பிள்ளைகளுக்கு இந்த நோயே வராதென்று
முன்பு புத்தகத்தில் இருந்ததாம்.
டாக்டரம்மா சிரிக்காமல்தான் சொன்னார்.
அப்புறம் பெரியவர்கள் மாத்திரையைக்
குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்களாம்.
"அந்தக் காலத்து மருந்து ஒன்று.
படுக்கை நனைக்கும் பிள்ளைகளுக்குத்தான்
அதிகம் கொடுத்தார்கள். வாய் வறளும்."

வாய் வறளும்.

நாகலூர் தாண்டி ஒரு ஹாஸ்டல். எண்பத்தெட்டு.
காப்பித் தோட்டத்தில் அப்பா செத்த வருஷம்.
விடியுமுன் என் ஜமுக்காளத்தை நானே
சில்வர் ஓக் மரத்தடிக்குத் தூக்கிப் போவேன்.
ஏற்காட்டுப் பனியில் எது காயும்?
ராத்திரி மணி அடித்ததும்
சிஸ்டர் பிளாசிடா உள்ளங்கையில் வைப்பார்
செம்பழுப்பில் ஒரு மாத்திரை.
ஜமுக்காளம் காய்ந்தது. நாக்கும் காய்ந்தது.
கமலா ஆரஞ்சுச் சுளைகூட
அண்ணத்தில் அட்டையாய் ஒட்டிக்கொண்டது.
இந்தப் பையன் ஏன் பேசுவதே இல்லையென்று
யாரும் கேட்கவில்லை.
படுக்கை காய்ந்தால் பையன் குணம்.

பெயரைக் கேட்டேன். சொன்னார்.
மனச்சோர்வுக்கென்று வந்த மருந்துதானாம் அது;
பிள்ளைகளின் சோர்வுக்குப் பெரிதாய் உதவாதென்று
பிறகுதான் தெரிந்ததாம்.
ஆக, என் துக்கத்தின் வாசல்வரை வந்து
மூத்திரத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப்
போயிருக்கிறது.

"இது வேறு. பிள்ளைகளிடமே சோதித்தது.
ஆனாலும் முதல் சில வாரம் கண்ணை எடுக்காதீங்க.
சிலருக்குச் சாகும் நினைப்பு கூடலாம்.
பேச வாரம் ஒருதரம் கூட்டிட்டு வாங்க.
மாத்திரை மட்டும் போதாது."

அன்றைக்கே பட்டறைத் திராவகக் குப்பிகளைப்
பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.
சாவி என் அரைஞாணில்.
ராத்திரி மூன்று தடவை எழுந்து
அவள் மூச்சை எண்ணினேன்.
ஒருதரம் கண்ணைத் திறந்து
"தூங்குப்பா" என்றாள்.

ஒன்பதாம் நாள். மாற்றம் என்று ஒன்றுமில்லை.
ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம்.
தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன்.
பீட்ரூட்டை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி
என் தட்டில் போட்டாள், முகத்தைச் சுளித்து.
போன மாதம் எதை வைத்தாலும்
பார்க்காமல் மென்றவள்.

வெள்ளிக் கணக்கு எழுதும் நோட்டில்,
சேதாரத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில்,
தேதி போட்டுக் குறித்திருக்கிறேன்:
பீட்ரூட் பிடிக்கவில்லை.